துலுகாக் கடலுக்கு அடியில் போனதாகச் சொன்ன நாள்

எழுதிக்கோங்க தம்பி, வேண்டாம்னு சொல்லல. அந்தக் குச்சி தாள் மேல ஓடுறதைப் பார்க்க எனக்கும் பிடிச்சிருக்கு. ஆனா முதல்ல ஒண்ணு சொல்லிடுங்க. கப்பல்ல இருந்து இறங்கினதும் நேரா என் கூடாரத்துக்கு வந்தீங்களா, இல்ல துலுகாக்கைப் பார்த்துட்டு வந்தீங்களா? பார்க்கல. சரி, பார்க்கலைன்னு நீங்க சொல்றீங்க. உங்க காலணியில ஒட்டியிருக்கிற பாசி அவன் கூடாரத்துப் பக்கம் இருக்கிற பாசி மாதிரி இருந்துச்சு, அதான் கேட்டேன். இந்தக் கரை பூரா பாசிதான். அதுவும் சரிதான்.

மீன் எடுத்துக்கோங்க. நான் பிடிச்ச மீன். தைரியமா சாப்பிடலாம்.

அந்தச் சத்தமா? அது என் பொண்டாட்டி நிவியாக். வெளியில உட்கார்ந்து தோல் சுரண்டுறா. மாசமா இருக்கா, குனிஞ்சு வேலை செய்யாதேன்னு சொன்னா கேக்க மாட்டா. பனி இறுகறதுக்குள்ள பிரசவம் ஆயிடும். சுரண்டுற சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருந்தா சொல்லுங்க. இல்லையா. எனக்குப் பழகிடுச்சு. சொல்லப்போனா, அது கேட்டுட்டு இருந்தாத்தான் எனக்குப் பேச வரும்.

அங்காக்குக்னா யாருன்னு கேட்டீங்க. உடம்பு சரியில்லைன்னா அங்காக்குக்கிட்ட போவோம். வேட்டையில சீல் கிடைக்கலைன்னா அவன்கிட்ட. புயல் நாலு நாளா நிக்கலைன்னா அவன்கிட்ட. அவனுக்குன்னு சில ஆவிங்க இருக்கும், கூப்பிட்டா வரும், போகச் சொன்ன இடத்துக்குப் போகும். எங்க கூட்டத்துக்கு துலுகாக்தான் அங்காக்குக். அவனுக்கு ரெண்டு ஆவி. ஒண்ணு உதடு இல்லாத கரடி. இன்னொண்ணு செத்துப்போன அவன் அத்தை. அந்த அத்தையை எனக்குத் தெரியும். உயிரோட இருந்தப்போ இவன் பேச்சை ஒரு நாளும் கேட்டதில்ல. செத்த பிறகு கேக்குறாளாம். இதை எங்க ஆளுங்ககிட்ட சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பாங்க. அடுத்த நாள் குழந்தைக்குக் காது வலின்னு அவன் வீட்டு வாசல்லயே போய் நிப்பாங்க.

வயசுல இருக்கறப்போ ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துல சின்னதா ஒரு பனிக்குடிசை கட்டி, அதுக்குள்ள முப்பது நாள் சாப்பாடு தண்ணி இல்லாம உட்கார்ந்திருந்தானாம். அப்பத்தான் ஆவிங்க வந்துச்சாம். திரும்பி வந்தப்போ நான் பார்த்தேன். முப்பது நாள் பட்டினி கிடந்தவனுக்கு அவ்வளவு கன்னம் இருக்காது. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல.

இருங்க, நுலியாயுக்கைப் பத்திச் சொல்லாம இது புரியாது. கடலுக்கு அடியில ஒருத்தி இருக்கா, அவ பேர்தான் அது. அவளைப் பெத்த அப்பனே படகு ஓரத்துல வச்சு அவ விரலையெல்லாம் வெட்டிப் போட்டான். அந்த விரலுங்கதான் சீலா ஆச்சு. அதனால சீல் எல்லாம் அவளோடது. விரல் இல்லாதவ தலை வாரிக்க முடியுமா? இங்க மேல நாம செய்யற தப்பெல்லாம் அழுக்கா இறங்கி அவ முடியில போய் சிக்காகும். சிக்கு ஏறினா அவளுக்கு ஆத்திரம் வரும். சீலையெல்லாம் தன் வீட்டுக்குள்ள அடைச்சுக்குவா. அப்ப யாராவது கீழ போய் அவளைச் சமாதானப்படுத்தி, தலை வாரி, பின்னி விடணும். யார் என்ன தப்பு பண்ணினாங்கன்னு தெரிஞ்சுட்டு வந்து சொல்லணும். பண்ணினவங்க எல்லார் முன்னாடியும் ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா சிக்கு விடும், சீல் வரும். அங்காக்குக் செய்யற வேலையிலேயே பெரிய வேலை அதுதான்.

நான் நம்பறேனான்னு கேக்கறீங்களா? நுலியாயுக் இருக்கா. அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. துலுகாக் அங்க போறானாங்கிறதுதான் என் சந்தேகம்.

அவனுக்கும் எனக்கும் என்ன பகைன்னு நினைப்பீங்க. ஒரு பகையும் இல்ல. சொல்லப்போனா அவன் என் பங்காளி. எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியாது. ஒரு சீலைக் குத்தினா அதை இத்தனை பாகமா வெட்டுவோம், ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பங்காளி உண்டு. சின்ன வயசுலயே பெரியவங்க முடிவு பண்ணிடுவாங்க. துலுகாக்கும் நானும் துடுப்புப் பங்காளிங்க. அவன் குத்தின சீல்ல துடுப்பு, அதான் அது நீந்தற கை, எனக்கு, நான் குத்தினதுல துடுப்பு அவனுக்கு. ஒருத்தரை ஒருத்தர் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டோம். அவன் என்னை 'துடுப்பு'ம்பான், நானும் அவனை அப்படித்தான். இன்னிக்கும் வழியில பார்த்தா, "என்ன துடுப்பு, தூங்கினியா?"ன்னு கேப்பான். நான் தூங்கினா இவனுக்கென்ன, தூங்காட்டி இவனுக்கென்ன? எதுக்குக் கேக்கறான்?

சரி, அந்தக் குளிர்காலத்துக்கு வர்றேன். ரெண்டு குளிர்காலத்துக்கு முன்னாடி. கடல் இறுகினதும் எல்லாரும் பனிக்கடல் மேல போய் வீடு கட்டினோம். எங்க வேட்டை அங்க எப்படின்னா, சீல் மூச்சு விட பனியில ஒரு ஓட்டை வச்சிருக்கும். அந்த ஓட்டைக்கு மேல ஈட்டியோட குனிஞ்சு நிக்கணும், அது வர்ற வரைக்கும். இருமக்கூடாது, கால் மாத்தக்கூடாது. ஒரு நாள் முழுக்க நிப்போம். அந்த வருஷம் நின்னோம், நின்னோம், ஒண்ணும் வரல. ஒருத்தனுக்கும் வரல. சூரியன் மறைஞ்சு, திரும்பித் தலைகாட்டற வரைக்கும் மொத்தமா நாலோ அஞ்சோ சீல்தான். விளக்குக்குக் கொழுப்பு இல்லாம வீடெல்லாம் இருட்டு. ரெண்டு குடும்பம் நாயைத் தின்னுடுச்சு. நாய் போனா வண்டி இழுக்க என்ன இருக்கு? அந்த நிலைமைக்கு வந்துட்டோம்.

நிவியாக்குக்கும் அந்த வருஷம் உடம்பு சரியில்ல. கடல் இறுகின புதுசுல ரெண்டு நாள் படுத்துட்டா. வயித்து வலி. பழைய இறைச்சி ஏதோ சேரலைன்னு நினைச்சேன். நான் அப்ப வேட்டைக்குப் போயிருந்தேன், திரும்பி வந்தப்போ எழுந்து உட்கார்ந்திருந்தா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஆமா, பொம்பளைங்களுக்கு நிறைய கட்டுப்பாடு உண்டு. நீங்க எழுதறதுனால சொல்றேன், இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. வயித்துல இருக்கிற குழந்தை பாதியில போயிட்டா உடனே சொல்லணும். மறைக்கவே கூடாது. நுலியாயுக்குக்கு அதைவிட ஆகாதது எதுவும் இல்ல. சொன்னா என்ன ஆகும்? வீட்டுல மெத்துனு இருக்கிற பொருள் அத்தனையும் வெளியில எறியணும். படுக்கற தோல், போர்த்தற தோல், சுவர்ல கட்டின தோல், எல்லாம். யோசிச்சுப் பாருங்க, குளிர்காலத்துல. புதுசா தச்சுக்கலாமேன்னு கேப்பீங்க. முடியாது. பனிக்கடல் மேல இருக்கிற வரைக்கும் மான் தோல்ல ஊசி போடக்கூடாது, அது இன்னொரு கட்டுப்பாடு. ஒரு பக்கம் எறியணும்னு கட்டுப்பாடு, இன்னொரு பக்கம் தைக்கக்கூடாதுன்னு கட்டுப்பாடு. நடுவுல மாட்டறவன் என்ன பண்ணுவான்? எங்க வீட்டுல இருந்ததே ஒரே ஒரு ஜோடி படுக்கைத்தோல். பொதுவா சொல்றேன்.

சத்தம் கேக்குது இல்ல? சுரண்டிட்டுத்தான் இருக்கா. நல்லது.

கடைசியில எல்லாரும் போய் துலுகாக்கைக் கெஞ்சினாங்க, கீழ போயிட்டு வான்னு. உடனே ஒத்துக்கல. ரெண்டு நாள் யோசிச்சான். எதுக்கு ரெண்டு நாள்? எனக்கு அப்பவே பொறி தட்டிச்சு. அந்த ரெண்டு நாள்ல ஒவ்வொரு வீடா போய் உட்கார்ந்து பேசினான். சாதாரணப் பேச்சுதான். யார் வீட்டுல யாருக்கு உடம்பு எப்படின்னு. எங்க வீட்டுக்கும் வந்தான். நிவியாக்கைப் பார்த்து, "இளைச்சுட்டியே"ன்னான். பட்டினிக் காலத்துல யார்தான் இளைக்கல? இப்படி வீடு வீடா மோப்பம் பிடிச்சுட்டு, அப்புறம் கடலுக்கு அடியில போய்க் கேட்டுட்டு வந்த மாதிரி சொல்றதுக்கு யாரால முடியாது? நானே சொல்லுவேன்.

அதனால இந்தத் தடவை அவனைக் கையும் களவுமா பிடிக்கறதுன்னு முடிவு பண்ணினேன். எல்லாரும் உட்கார்ற மாதிரி பெரிய பனிவீடு ஒண்ணு இருந்துச்சு. படுக்கை மேடைக்குப் பக்கத்துல ஒரு தோலைத் திரையா கட்டிடுவாங்க, அதுக்குப் பின்னாடி அவன் போயிடுவான். விளக்கை அணைச்சிடுவாங்க, எல்லாரும் கண்ணை மூடிக்கணும். அவனுக்கு அந்தத் தரையில தோல் விரிக்கிற வேலையை என்கிட்ட குடுத்தாங்க, பங்காளிங்கிறதுனால. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? சமையல் சட்டி அடியில இருந்த கரியைச் சுரண்டி, மிச்சம் இருந்த துளி கொழுப்புல குழைச்சு, அவன் நிக்கிற இடத்துல தோல் பூரா தடவிட்டேன். நிஜமாவே கடலுக்குள்ள போனா கால் அங்க படாது. போகாம திரைக்குப் பின்னாடியே நின்னு குதிச்சுட்டு இருந்தா, காலணி அடி கறுப்பாயிடும். இப்படி ஒரு யோசனை இந்தக் கூட்டத்துல வேற யாருக்கும் வந்திருக்காது.

ஒரு நடுப்பகல்ல எல்லாரும் உள்ள வந்தோம். பனிச்சன்னலைத் தோல் போட்டு மூடினாங்க. இடுப்புக் கயிறு, காலணிக் கயிறு எல்லாத்தையும் தளர்த்திக்கச் சொன்னாங்க, முடிச்சு இருந்தா அவன் போற வழி மாட்டிக்குமாம். நிவியாக் எனக்கு வலது பக்கம் உட்கார்ந்தா. விளக்கு அணைஞ்சது. நான் கண்ணை மூடல. மூடாட்டியும் ஒண்ணும் தெரியல, அது வேற விஷயம்.

துலுகாக் ரொம்ப நேரம் சும்மா மூச்சு விட்டான். அப்புறம், "வழி திறக்குது, வழி திறக்குது"ன்னான். எல்லாரும் "அப்படியே ஆகட்டும்"னாங்க. நானும் சொன்னேன், பக்கத்துல இருக்கறவங்க கவனிப்பாங்களே. தரைக்கு அடியில இருந்து அவன் குரல் வர்ற மாதிரி இருந்துச்சு. அப்புறம் இன்னும் கீழ. அப்புறம் ரொம்பத் தூரத்துல. வாயில கையுறையை வச்சுப் பேசினா அப்படித்தான் கேக்கும், நான் வீட்டுல செஞ்சு பார்த்திருக்கேன். அவ்வளவு தூரத்துல கேக்கல, ஆனா கிட்டத்தட்ட. அப்புறம் சத்தமே இல்ல. செத்தவங்க பெருமூச்சு விடற மாதிரி காத்து மட்டும் சுத்திச்சு. அர்னாலுக்னு ஒரு விதவைக் கிழவி, என் முன்னாடி உட்கார்ந்திருந்தவ, அழுதுட்டே பாடினா. அவ பாட ஆரம்பிச்சதும் எல்லாரும் பாடினாங்க. பசியில பாடற பாட்டு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. நானும் சேர்ந்து பாடினேன். நான் மறைக்கல, எழுதிக்கோங்க.

அப்புறம் திரைக்குப் பின்னாடி தொப்புனு ஒரு சத்தம். திமிங்கலம் மேல வந்து மூச்சு விடற மாதிரி ஒரு மூச்சு. அவன் வந்துட்டானாம். அப்புறம், "அவ தலையில கை வச்சேன், சீப்பு போகல. வேரோட பிடிச்சிருக்கு. மறைச்சு வச்ச சொல்லு வெளியில வரட்டும்"னான்.

இருட்டுல ஒவ்வொருத்தரா ஆரம்பிச்சாங்க. அர்னாலுக் தன் கிழிஞ்ச கையுறையைத் தச்சேன்னு சொன்னா, மான் தோல் கையுறை, பனிக்கடல் மேல உட்கார்ந்து. விரல் உறைஞ்சுது, தாங்க முடியலன்னு சொன்னா. ஒருத்தன் மான் நாக்கையும் சீல் கறியையும் ஒரே நாள்ல தின்னேன்னான். ஒரு பொண்ணு தீட்டு நாள்ல சீப்பை மூடி வைக்க மறந்தேன்னு அழுதா. ஒவ்வொரு தடவையும் எல்லாரும், "பாவம், பாவம், போகட்டும்"னு சொன்னாங்க. துலுகாக், "அது இல்ல. இன்னும் கனமா ஒண்ணு"ன்னான். கனமா ஒண்ணுன்னு பொதுவா சொன்னா எவனாவது மாட்டாமயா போவான்? தூண்டில் போடறான்னு எனக்குத் தெரிஞ்சுது.

அப்பத்தான் நிவியாக் அசைஞ்சா. அவ மூச்சு மாறினது எனக்குக் கேட்டுது. நான் அவ மணிக்கட்டைப் பிடிச்சேன். சும்மாதான் பிடிச்சேன். கூட்டத்துல பொண்டாட்டி பயந்துடக் கூடாதுன்னு புருஷன் பிடிக்க மாட்டானா? கொஞ்சம் அழுத்திப் பிடிச்சிருப்பேன். அவ கையை இழுக்கல. ரொம்ப நேரம் அப்படியே இருந்தா. என் பக்கம் திரும்பியிருந்தாள்னு நினைக்கறேன், அவ மூச்சு என் கன்னத்துல பட்டுது. எதுக்கோ காத்திருக்கிற மாதிரி. அப்புறம் முன்னாடி திரும்பிச் சொன்னா. "கடல் இறுகின புதுசுல எனக்கு ஒரு குழந்தை வயித்துலயே போச்சு. நான் சொல்லல. தோலுக்கு ஆசைப்பட்டு மறைச்சேன். என் புருஷன் வேட்டைக்குப் போயிருந்தான், அவனுக்கு இது தெரியாது." அவ்வளவும் சொன்னா.

ஒருத்தர் விடாம, "பாவம் இந்தப் பொண்ணு, பாவம், போகட்டும்"னாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன். அர்னாலுக் எழுந்து வந்து அவ தலையை மடியில வச்சுக்கிட்டா. அப்புறம் விளக்கை ஏத்தினாங்க.

நான் முதல்ல பார்த்தது துலுகாக் காலைத்தான். காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அடி ரெண்டும் கன்னங்கரேல்னு இருந்துச்சு. என் மனசு குதிச்சுது தம்பி. மாட்டினான்னு நினைச்சேன். சத்தமாவே கேட்டேன், "துடுப்பு, உன் காலணி அடி ஏன் கறுப்பா இருக்கு?"ன்னு. அவன் காலைத் திருப்பிப் பார்த்தான். "இந்தத் தடவை வழி பூரா அழுக்கு"ன்னான். எல்லாரும் தலையாட்டினாங்க. பாருங்க, எதுக்கும் ஒரு பதில் வச்சிருப்பான்.

அப்பத்தான் அர்னாலுக் நிவியாக் கையைத் தடவிக் குடுத்தா. நிவியாக்கோட மணிக்கட்டுல அஞ்சு விரலும் அச்சா பதிஞ்சிருந்துச்சு. கறுப்பா. கொழுப்புல குழைச்ச கரி சுலபத்துல போகாது, நான் கையைத் துடைச்சிருந்தேன், போனதா நினைச்சேன். கிழவி பார்த்தாளான்னு தெரியாது, அவளுக்குக் கண்ணு மங்கல். துலுகாக் பார்த்தான். அவ மணிக்கட்டைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான். எழுந்து வந்து, அவ சட்டைக் கையை மெதுவா கீழ இழுத்து அதை மூடினான். அப்புறம் யாரையும் பார்க்காம, "இன்னும் ஒரு சொல்லு பாக்கி இருக்கு"ன்னான்.

எல்லாரும் காத்திருந்தாங்க. நான் விளக்கையே பார்த்தேன். தூண்டில்தானே, நான் ஏன் கவ்வணும்? நிவியாக் கண்ணை மூடிட்டிருந்தா. கடைசியில அவன், "சரி. ஊருக்கு அது கனமில்ல. சுமக்கறவனுக்குத்தான் கனம். வர்றப்போ வரட்டும்"னு சொல்லிட்டுப் படுத்துட்டான்.

வீட்டுத் தோலையெல்லாம் வெளியில எறிஞ்சோம். வெறும் பனி மேடையும் தோலுக்கு அடியில விரிச்சிருந்த கொஞ்சம் சுள்ளியும்தான் மிச்சம். செத்தோம்னு நினைச்சேன். இருட்டறதுக்குள்ள அர்னாலுக் வந்தா, ஒரு பாதித் தோலோட. கிழவிக்கு இருந்ததே ஒண்ணுதான், அதை வெட்டியிருக்கா. மான் நாக்கு தின்னவன் ஒண்ணு கொண்டு வந்தான். ஒவ்வொரு வீட்டுல இருந்தும் ஏதோ ஒண்ணு. முன்னாடி இருந்ததைவிட அதிகமாவே ஆயிடுச்சு. துலுகாக் தான் படுக்கிற கரடித்தோலையே கொண்டு வந்து போட்டான். எதுக்கு? இப்ப நீங்களே சொல்லுங்க, எதுக்கு ஒருத்தன் தன் கரடித்தோலைக் குடுப்பான்? அதுல நான் படுக்கல. நிவியாக் அதுல படுத்தா, நான் ஒரு ஓரமா சுள்ளி மேல படுத்தேன். விடிஞ்சதும் முதுகு திரும்பல.

நிவியாக்கைக் கேட்டேன், "நீ முன்னாடியே அவன்கிட்ட சொன்னியா?"ன்னு. "யார்கிட்டயும் சொல்லல. நீ சொல்லுவேன்னுதான் காத்திருந்தேன்"னா. அதுக்கப்புறம் அதைப் பத்தி அவ பேசல. இந்த ரெண்டு வருஷத்துல ஒரு வார்த்தை பேசல.

மூணாம் நாள் காத்து திரும்பிச்சு, சீல் வந்துச்சு. காத்து திரும்பினா சீல் வரும், அதுக்கு எவனும் கடலுக்குள்ள போகத் தேவையில்ல. எல்லாருக்கும் கிடைச்சுது. எனக்குக் கிடைக்கல. நான் நின்ன ஓட்டை சரியில்ல. வேற ஓட்டைக்குப் போனேன், அங்கயும் வரல. அடுத்த குளிர்காலமும் வரல. இந்த வெயில் காலமும். ஈட்டி வளைஞ்சிருக்குன்னு மாத்தினேன். நான் நிக்கிற வாசனை அதுக்கு எட்டுது போல. எத்தனையோ காரணம் இருக்கும். துலுகாக் ஒவ்வொரு சீலுக்கும் எனக்குத் துடுப்பு அனுப்பறான். அவ வெளியில சுரண்டறாளே, அந்தத் தோல் யாரோடதுன்னு நினைக்கறீங்க? அதுவும் அவன் குடுத்ததுதான்.

என்ன கேட்டீங்க? அந்தக் குழந்தை எவ்வளவு சின்னதா இருந்துச்சுன்னு நான் சொன்னேனா? சொல்லலையே. சொல்லப் போனேன்னு நீங்க நினைச்சுட்டீங்க.

என் கையுறைக்குள்ள அடங்கிடுச்சு. இடது கையுறை. அவ்வளவு சின்னது.

அன்னிக்கு நான் வேட்டைக்குப் போகல. வீட்டுலதான் இருந்தேன். அவ, "ஊரைக் கூப்பிடு"ன்னா. நான் தோலைப் பார்த்தேன். ஒரே ஒரு ஜோடி. "வாயைத் திறக்காதே, ரெண்டு பேரும் உறைஞ்சு சாவோம்"னேன். கையுறையில வச்சு எடுத்துட்டுப் போய், நான் வேட்டையாடற ஓட்டைக்குப் பக்கத்துல பனி பிளந்திருந்த இடத்துல கடல்ல விட்டேன். நேரா அவ வீட்டுக்கு. நுலியாயுக் தலை மேலயே போட்டுட்டு வந்து, துலுகாக் பொய்யன்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன். கூட்டத்துல நிவியாக் எனக்காகக் காத்திருந்தா. நான் அவ கையை நசுக்கினேன். அவ அப்பவும் என்னைக் காட்டிக் குடுக்கல.

இப்ப மறுபடி மாசமா இருக்கா. பிரசவம் பனி இறுகற சமயத்துலதான். அதே சமயம். எனக்குப் பயமா இருக்கு தம்பி. நம்பாதவனுக்கு என்ன பயம்னு கேக்காதீங்க. துலுகாக்கிட்ட போய்ச் சொல்ல என்னால முடியல, நாலு தடவை அவன் கூடாரம் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். நீங்க வந்தீங்க. வெளியாள், அடுத்த கப்பல்ல போயிடுவீங்க. ஊர்க்காரங்க முன்னாடி சொன்னாத்தான் கணக்குன்னு தெரியும். இருந்தாலும் ஒருத்தராவது கேக்கட்டுமே.

எழுதிட்டீங்களா? எழுதினதை வாசிங்க. எங்க பேச்சுலயே வாசிங்க, கொஞ்சம் சத்தமா. கையுறையில இருந்து வாசிச்சாப் போதும்.

இருங்க. சுரண்டுற சத்தம் கேக்கலையே. எப்ப நின்னுச்சு? நீங்க கவனிச்சீங்களா? நான் பேசிட்டே இருந்துட்டேன்.

நிவியாக். உள்ள வா. வெளியில குளிர்.